பிள்ளையார் காலுக்குத் தண்ணி

கலெக்டர் வாராரு வாராருன்னு சொல்லிச் சொல்லியே மைக்குக்காரன் தொண்டை கட்டிட்டு. கல்யாண மண்டபத்துல கருத்துக்கேட்புக் கூட்டம் வச்சா இப்படித்தான் இருக்கும், நேத்து எவனுக்கோ இங்கன கல்யாணம் நடந்திருக்கு, மேடையில மாப்பிள்ளை பேரைப் பாதி பிச்சுட்டாங்க, பொண்ணு பேரு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேலயே நான் போட்ட வெள்ள அபாய வரைபடத்தைத் தொங்கவிட்டிருக்காங்க. நடுவுல நீலமா ஆறு, ரெண்டு பக்கமும் செவப்பு, அதுக்கு அங்கிட்டு மஞ்சள், அதுக்கும் அங்கிட்டுப் பச்சை. எட்டத்துல இருந்து பாத்தா பட்டுச்சேலை கரை மாதிரி அழகாத்தான் இருக்கு. சாம்பார் வாடை, எச்சி இலை வாடை, அழுகின மல்லியப்பூ வாடை எல்லாம் சேந்து வருது. மூணாவது வரிசை ஓரத்துல எங்க அண்ணன் கைலாசம் உக்காந்திருக்கான். என் மேசையில உதவிச் செயற்பொறியாளர் ஆவுடைச்செல்வின்னு பேர்ப்பலகை வச்சிருக்காங்க, அதையும் பாக்க மாட்டேங்கான், என்னையும் பாக்க மாட்டேங்கான், படத்தையே பாத்துக்கிட்டு இருக்கான். அவனைச் சுத்தி ஆத்தங்கரைத் தெரு ஆம்பளைங்க அத்தனை பேரும். இன்னைக்கு அந்தத் தெரு செவப்பா மஞ்சளான்னு முடிவாகணும். செவப்புன்னா தெருவையே காலி பண்ணி, குவாரி ரோட்டு மேட்டுல கட்டிப் போட்டிருக்கிற அடுக்குமாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. மஞ்சள்னா அங்கனயே இருந்துக்கலாம், எச்சரிக்கையா இருங்கன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டுவாங்க, அடுத்த வெள்ளத்துல அந்த நோட்டீஸும் சேந்து மிதக்கும். ஜனங்க ஒத்துக்கலைன்னா மஞ்சளாவே விட்டுருங்க மேடம், தேர்தல் வர்ற நேரம்னு கலெக்டர் போன்லயே சொல்லிட்டாரு. ஜனங்க ஒத்துக்கலை. ஒத்துக்காதவங்களுக்குத் தலைவன் எங்க அண்ணன். நான் பொறந்த வீடும் அந்தத் தெருவுலதான் இருக்கு, அதையும் சேத்துத்தான் செவப்படிச்சிருக்கேன், கூடப்பொறந்தவன் வீட்டையே அழிக்கப் பாக்கா பாருன்னு டீக்கடையில பேசுதாங்களாம். பேசட்டும்.

அவங்க ஆட்சேபணை என்னன்னு கேட்டா வெளியூர்க்காரங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. படித்துறையில பிள்ளையார் இருக்காரு, நல்ல பெரிய பிள்ளையார். எங்க ஊர்ல வெள்ளத்தை அடியில சொல்ல மாட்டாங்க, கன அடியில சொல்ல மாட்டாங்க, பிள்ளையாரை வச்சுத்தான் சொல்லுவாங்க. காலுக்குத் தண்ணின்னா மாட்டை அவுத்து மேலத்தெருவுல கட்டு, அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்து, அவ்வளவுதான், பயப்பட ஒண்ணுமில்லை. தொந்திக்குத் தண்ணின்னா பொம்பளைங்களும் புள்ளைங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும். தும்பிக்கைக்கு வந்துட்டுன்னா எதையும் எடுக்காதே, ஓடு. பம்பாயில வேலை பாக்கிற மவன் போன் போட்டாலும் மழை எப்படின்னு கேக்க மாட்டான், பிள்ளையாருக்கு எவ்வளவுன்னுதான் கேப்பான். நானும் அதைக் கேட்டு வளந்தவதான். பாவாடை கட்டின காலத்துல, மழை வந்தா நாங்க படித்துறைக்கு ஓடிப் போயி நின்னு பாப்போம், தண்ணி ஒவ்வொரு கல்லா ஏறி வர்றதைப் பாக்கையில பயமும் இருக்கும் சந்தோஷமும் இருக்கும், அண்ணன் என் சடையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான், ஆத்துல விழுந்துருவேனாம். ஆடாம அசையாம ஒரே இடத்துல இருந்தா அளவுகோல்தான், கல்லா இருந்தா என்ன, சாமியா இருந்தா என்ன. படிச்சுட்டு வந்த பிறகும் அதுல எனக்கு ஒரு குறையும் தெரியலை. இப்பம் தெரு சொல்லுதது இதுதான்: போன மார்கழி வெள்ளத்துல தண்ணி பிள்ளையார் காலைத்தான் தொட்டுது. பெரியவங்க காலத்து வெள்ளத்துல தும்பிக்கை வரைக்கும் வந்திருக்கு. அப்பம் இது சின்ன வெள்ளம். வீட்டுக்குள்ள வந்தது ஆத்துத் தண்ணி இல்லை, பின்னால ஓடை உடைச்சுக்கிட்டு வந்த தண்ணி, ஓடையைத் தூர்வாராதது உங்க துறை செஞ்ச தப்பு, அதுக்குத் தெருவை எதுக்குச் செவப்பாக்குதீங்க. எழுதிக் கொடுத்தது அண்ணன். கையெழுத்து போட்டது தெரு.

பிள்ளையார் இப்பம் அந்த இடத்துல இல்லைங்கிறது அண்ணனுக்கு எப்படிப் புரியாமப் போச்சுன்னுதான் நானும் நினைச்சு நினைச்சுப் பாக்கேன். அவரைத் தூக்கி வச்சதே அவன்தானே. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சுப் பொறந்த மக, நேந்துக்கிட்டது அந்தப் பிள்ளையாருக்குத்தான், அவளுக்குக் காது குத்தின கையோட படித்துறைத் திருப்பணியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டான். டவுன் சாக்கடை பூரா இப்பம் ஆத்துலதானே விடுதான், அந்தத் தண்ணியில காலை நனைச்சுக்கிட்டு சாமி இருக்காரே, மனசு கேக்கலை புள்ளன்னு போன்ல அழுதான். ஓட்டல்காரனுக்கு இவ்வளவு இளகின மனசு ஆகாதுன்னு நான் கேலி பண்ணினேன். கருப்புக் கல்லுல பீடம், முகம் பாக்கிற மாதிரி பளபளப்பு, என் இடுப்பு உயரம். அதுக்கு மேல பிள்ளையாரை ஏத்தி, அஷ்டபந்தன மருந்து சாத்தி, கும்பாபிஷேகம் பண்ணி, ஊருக்கே சாப்பாடு. எனக்கு லீவு கிடைக்கலை, போட்டோ அனுப்பினான், அதுல மாலைதான் தெரிஞ்சுது, பீடம் தெரியலை. பீடத்துல பேரு வெட்டியிருக்கு, உபயம் கைலாசம், பெற்றோர் ஆசியுடன்னு. ஊர்ல ஸ்தபதி இருந்தாரு, குருக்கள் இருந்தாரு, கவுன்சிலர் இருந்தாரு, ஒரு வாய் கேக்கலை, ஏப்பா, காலு இப்பம் தும்பிக்கை இருந்த இடத்துக்குப் போயிட்டே, இனி எதை வச்சுடா வெள்ளத்தைச் சொல்லுததுன்னு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. சாமியை உசத்தினாங்க, பேச்சை மட்டும் பழைய இடத்துலயே விட்டுட்டாங்க, காலுன்னா காலு, தொந்தின்னா தொந்தி. பக்தியில செஞ்சான். கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா நான் இன்னைக்கு நல்லாத் தூங்கிட்டு வந்திருப்பேன்.

மின்விசிறி சத்தம் தாங்கலை. மதினி பகவதி, அண்ணன் பொண்டாட்டி, பொம்பளைங்க வரிசையில இருந்து எந்திரிச்சு வந்து ஃப்ளாஸ்க்குல காப்பி வச்சுட்டுப் போயிட்டா. சர்க்கரை கம்மியா, நான் குடிக்கிற மாதிரியே போட்டிருக்கா. குடிக்கிறதா வேண்டாமா. வெள்ளம் வந்த அன்னைக்கும் அவதான் முதல்ல போனை எடுத்தா. நான் அப்பம் வேற மாவட்டத்துல கட்டுப்பாட்டு அறையில இருந்தேன், மேல அணையில எவ்வளவு திறக்காங்கன்னு எனக்கு வந்துக்கிட்டே இருக்கு, அந்தத் தண்ணி எங்க தெருவுக்கு எப்பம் வரும்னு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அண்ணன்கிட்ட கொடு மதினின்னேன். அப்பாவைக் கூட்டிட்டு உடனே மேலத்தெருவுக்குப் போண்ணேன்னேன். இப்பம்தான் படித்துறையில நின்னு பாத்துட்டு வாரேன், பிள்ளையார் காலுக்குத்தான் இருக்கு, அப்பாவுக்கு முழங்கால் வீங்கிக் கெடக்கு, இந்த மழையில அவரை எங்கன இழுத்துக்கிட்டு அலைய, நீ உன் கன அடியை உன் ஆபீஸ்லயே வச்சுக்கோன்னான். நான் கத்தினேன். கூட வேலை பாக்கிறவங்க திரும்பிப் பாத்தாங்க. அவன் போனை வச்சுட்டான். விடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. பின்னறையில படுத்திருந்தாரு, தண்ணி பின்னால இருந்துதான் வந்துச்சு, மதினியையும் புள்ளையையும் மாடியில ஏத்திட்டுக் கீழே வந்தவனுக்குக் கதவைத் தள்ள முடியலை, தண்ணி உள்ள இருந்து அழுத்துது, கதவு வெளியே தெறக்கிற கதவு இல்லை. எதிர்வீட்டுல வடிவு அத்தை, சங்கிலி மாமா பொண்டாட்டி, கோழிக்கூட்டைத் தெறந்துவிட இறங்கினவ திரும்பி ஏறலை. காலுக்குத்தானேன்னு அவளும்தான் இருந்திருக்கா. தெருவே இருந்துது. காலுக்கு வந்த தண்ணிக்கு எவன் வீட்டை விட்டுப் போவான்.

பிறகு இந்த ஊருக்கே என்னை மாத்திப் போட்டு, வெள்ள அபாயப் படம் போடுததுக்கு நீங்கதான் சரி மேடம், உங்க சொந்த ஊருன்னாங்க. என்ன கரிசனம். மழை விட்டுச் சேறு காயுததுக்குள்ள அளவெடுக்கணும், சுவத்துல சேத்துக் கோடு எதுவரைக்கும் இருக்கோ அதுதான் ஆறு போட்ட கையெழுத்து, வெயில் ஏறினா உதிந்து போயிரும், பொங்கலுக்கு வெள்ளையடிச்சா சுத்தமாப் போயிரும். படித்துறை மண்டபத்துத் தூண்ல கோடு பாத்தேன். பழைய வெள்ளத்துக்கு அந்தக் காலத்துல யாரோ உளியால வெட்டி வச்ச குறியும் அதே தூண்ல இருக்கு. சேத்துக் கோடு அதுக்கு மேல இருந்துது. மேல. தெரு சொல்லுத மாதிரி இது சின்ன வெள்ளம் இல்லை, பெரியவங்க காலத்து வெள்ளத்தை விடப் பெருசு. ஆறு அந்த உசரத்துக்கு நின்னா ஓடை வடிய வழியில்லாம எதுத்துக்கிட்டுத்தான் பின்னால தெருவுக்குள்ள பாயும். அளவுக் கோலைப் பிடிச்சுக்கிட்டிருந்த ஆளை விட்டு ரெண்டாந்தடவை பாக்கச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் திரும்பிப் பிள்ளையாரைப் பாத்தேன். கால்ல சேறு. பீடம் முழுக்கச் சேறு, உபயம் கைலாசம்ங்கிற எழுத்துக்குள்ளயெல்லாம் சேறு, பெற்றோர் ஆசியுடன்ங்கிறதுக்குள்ளயும். அந்தப் பீடத்தை என் கையால தொட்டு, என் இடுப்போட வச்சுப் பாத்தேன். பழைய இடத்துல இருந்திருந்தா தும்பிக்கை முங்கியிருக்கும். தும்பிக்கை முங்கியிருந்தா எங்க அண்ணன் அப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பான். அவன் ஓடக்கூடியவன்தான். அது ஒண்ணுல எனக்குச் சந்தேகமே இல்லை, அதனாலதான் அங்கனயே படியில உக்காந்துட்டேன். வெயிலுக்கு மயக்கம் வந்துட்டுன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டாங்க.

யாருகிட்டயும் சொல்லலை. அறிக்கையில பிள்ளையாரைப் பத்தி ஒரு வரி கிடையாது, எந்த இடம் எவ்வளவு உசரம்னு வெறும் மட்டக் கணக்கா எழுதிக் கொடுத்தேன், அந்தக் கணக்கைத்தான் தெரு நம்ப மாட்டேங்கு. நம்ப வைக்கிறதுக்கு என் கையில ஒரே ஒரு பதில்தான் இருக்கு. பீடம். அதைச் சொன்னா தெரு வாயடைச்சுப் போகும், கையெழுத்தை வாபஸ் வாங்கும், மேட்டுக்குப் போகும், இனிமே எந்த மார்கழியிலயும் அந்தத் தெருவுல ஒருத்தரும் சாக வேண்டாம். அதைச் சொன்னா எங்க அண்ணனுக்கு, நீ கட்டின பீடம்தான் அப்பாவைக் கொன்னுச்சுன்னு ஊருக்கு முன்னால, மைக்கு வச்சு, அவன் தங்கச்சியே சொன்ன மாதிரி ஆகும். சொல்லலைன்னா தெரு மஞ்சளா நிக்கும். அவன் மக அந்த வீட்டுல படுத்திருப்பா. நூறு வருசத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம்னு எங்க நோட்டீஸ்ல எவனோ போட்டுத் தொலைச்சான், அதைப் படிச்சுட்டு, அப்பம் வந்துட்டுப் போயிட்டுல்லா, இனி பேரன் பேத்தி காலத்துலதானேன்னு சந்தோஷமாச் சுவரைப் பூசிக்கிட்டிருக்காங்க. அப்படியில்லை, வருசா வருசம் குலுக்குச் சீட்டு போடுத மாதிரி, போன வருசம் உன் பேரு விழுந்துட்டுன்னா இந்த வருசம் விழாதுன்னு யாரு சொன்னான்னு வீடு வீடா ஏறி இறங்கிச் சொன்னேன். கேட்டுட்டுக் காப்பி கொடுத்தாங்க. இந்த ஊர்ல எதைச் சொன்னாலும் காப்பி கொடுத்துருதாங்க.

அண்ணனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு மாசத் திவசம் கொடுக்கிற அன்னைக்கு அதுக்காகவே போனேன், வாசல்ல அவன் எனக்காக நின்னுக்கிட்டிருந்தான், தலைமுடி பூரா நரைச்சுட்டு, என்ன புள்ள எளைச்சுட்டேன்னு கேட்டான். எளைச்சது அவன். பிண்டம் வச்சுட்டுக் காக்காவைக் கூப்பிடுதான், காக்கா வர மாட்டேங்கு, அப்பாவுக்கு என்மேல கோவமோன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதான், நான் எப்படிச் சொல்ல. அன்னைக்குப் பாசத்துல சொல்லலை, சரி. இன்னைக்கு எதுக்குச் சொல்லணும்னு துடிக்குது. தெருவுக்காகவா. ஆவுடை, உள்ளதைச் சொல்லு, தெருவுக்காக மட்டுமா. உன் கன அடியை உன் ஆபீஸ்லயே வச்சுக்கோன்னானே. அந்த வார்த்தை இன்னும் காதுக்குள்ளயே கெடந்து அறுக்குது. நான் சொன்னதைக் கேட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு, கேக்கலை, பொம்பளப் புள்ள என்ன சொல்லுததுன்னு இருந்திருக்கும், இல்லைன்னா பிள்ளையாரை விட இவளுக்குத் தெரிஞ்சிருமோன்னு இருந்திருக்கும். அவன் முகம் உடையுததைப் பாக்கணும்னு எனக்குள்ள ஒரு எரிச்சல் உண்டு. உண்டுதான். அவன் மேல எனக்கு இருக்கிற பிரியமும் உண்டு, ரெண்டும் ஒரே அடுப்புல கொதிக்குது, எது பொங்கி வழியுதுன்னு தெரியலை. ஊரைக் காப்பாத்துதேன்னு சொல்லிக்கிட்டு அவனைப் பழி வாங்கிருவேனோ. பழி வாங்கினதா ஆகிருமோன்னு பயந்துக்கிட்டு ஊரை மூழ்கடிச்சுருவேனோ. காப்பியைக் குடிச்சுட்டேன் போல, டம்ளர் காலியா இருக்கு.

நாற்காலி எல்லாம் ஒண்ணா நகருது, கலெக்டர் வந்துட்டாரு. சின்னப் பையன், முகத்துல தூக்கமில்லை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு, ஆத்தங்கரைத் தெருவையே முதல்ல எடுத்துக்கலாம்னாரு. அண்ணன் எந்திரிச்சான். வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு மைக்கை வாங்குதான், அப்பா கை மாதிரியே கை. அவன் பேச ஆரம்பிச்சா குரலும் அப்பா குரல்தான், இத்தனை நாளா எப்படிக் கவனிக்காம விட்டேன். ஓடையைப் பத்திச் சொன்னான். தூர்வாராத மதகைப் பத்திச் சொன்னான். ஆறு எங்களை ஒண்ணும் செய்யலை சார், ஆத்துக்கும் எங்களுக்கும் வழக்கு இல்லைன்னான். ஜனங்க கை தட்டலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க, எனக்கு அது அப்பம் வித்தியாசமாப் படலை. கடைசியில படித்துறைப் பிள்ளையாருக்கு வந்தான். பிள்ளையார் பொய் சொல்ல மாட்டாரு சார், காலைத் தாண்டலை, இதுக்குப் பொறியாளர் அம்மா பதில் சொல்லட்டும்னான். ஆவுடைன்னு சொல்லலை, தங்கச்சின்னு சொல்லலை, பொறியாளர் அம்மா. கலெக்டர் என் பக்கம் திரும்பி, சொல்லுங்க மேடம்னாரு. மைக்கு என் கைக்கு வந்துட்டு, அவன் பிடிச்சிருந்த சூடு அதுல அப்படியே இருக்கு.

எந்திரிச்சு நின்னேன். மட்டக் கணக்கைச் சொல்லலாம்னுதான் வாயைத் தெறந்தேன், சத்தியமா, அந்தக் கணக்கு முழுக்க எனக்கு மனப்பாடம். அண்ணன் இப்பம் என்னைப் பாத்தான், இன்னைக்குக் காலையில இருந்து முதல் தடவையாப் பாத்தான். சொல்லு பாப்போம்ங்கிற மாதிரி இருந்துது. அந்தப் பார்வைக்குத்தான் சொன்னேனா, தெருவுக்குத்தான் சொன்னேனா, போகட்டும்.

"பிள்ளையார் பழைய இடத்துல இல்லை. பீடத்துல ஏத்தி வச்சாச்சு. இப்பம் காலு இருக்கிற இடம் அந்தக் காலத்துல தும்பிக்கை இருந்த இடம். போன மார்கழியில வந்தது தும்பிக்கைக்குத் தண்ணி."

அவ்வளவுதான். சொல்லி முடிச்சுட்டு ஜனங்களைப் பாத்தேன். ஆங்னு வாயைப் பொளப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க, கூச்சல் வரும்னு எதிர்பாத்தேன். ஒண்ணும் இல்லை. அத்தனை பேரும் தரையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. மதினி முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. சங்கிலி மாமா, வடிவு அத்தையைப் பறிகொடுத்த அந்த மனுசன், நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சாரு. மைக்கு வேணாம்னு கையாலயே சொல்லிட்டாரு.

"சேறு அள்ளும்போதே தெரியும் தாயி. என் வீட்டு நிலையில எங்க ஐயா போட்ட பழைய கோடு இருக்கு, சேறு அதுக்கு மேல நின்னுது. தெருவுல யாருக்குத் தெரியாது? செவப்புன்னு ஒத்துக்கிட்டா இவன் பீடத்தைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்லா. சாமிக்குச் செஞ்சவன். அதான் மஞ்சளே இருக்கட்டும்னு கையெழுத்து போட்டோம்."

நான் மட்டும்தான் கண்டுபிடிச்சேன்னு நினைச்சுக்கிட்டு, அதை நெஞ்சுல சுமந்துக்கிட்டு எத்தனை மாசம் சோறு எறங்காமக் கெடந்தேன். பொண்டாட்டியைச் சாகக் கொடுத்தவரு, தெரிஞ்சுக்கிட்டே எதிர்வீட்டுல இருந்து தினமும் அவன்கிட்ட, என்ன கைலாசம் சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. ஒரு தெருவே, அடுத்த வெள்ளத்துல செத்தாலும் பரவாயில்லை, இவன் மனசு நோகக் கூடாதுன்னு நின்னிருக்கு. இதுக்குப் பேரு என்ன. கிறுக்குத்தனம்னு சொல்லுதேன், எனக்கு அழுகை முட்டுது, கோவமும் முட்டுது, இப்படி ஒரு பிரியத்தை எந்த நிறத்துல போட. கலெக்டருக்கு ஒண்ணும் பிடிபடலை. பக்கத்துல இருந்த கிளார்க்குகிட்ட குனிஞ்சு ஏதோ கேட்டாரு, பிறகு பொதுவா, அப்போ இந்தத் தெருவுக்கு ஆட்சேபணை இருக்கா இல்லையான்னாரு. யாரும் பேசலை. இன்னொரு தடவை கேட்டாரு. சங்கிலி மாமா உக்காந்துட்டாரு. இல்லைன்னு எழுதிக்கிட்டு அடுத்த தெருப் பேரை வாசிச்சாங்க. நான் கேட்டது எனக்குக் கிடைச்சுட்டு.

அண்ணன் உக்காரவே இல்லை. ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டு நின்னான், அத்தனை தலையும் குனிஞ்சிருக்கு, அப்பம்தான் அவனுக்குப் பிடிபட்டுதுன்னு நினைக்கேன், பீடத்து விஷயம் இல்லை, அவனைச் சுத்தி இத்தனை மாசமா நடந்தது. பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தான். வாசலுக்குப் போவான்னு பாத்தேன், நேரா என் மேசைக்கு வந்து நின்னான். திட்டுவான்னு நினைச்சேன், அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நினைச்சேன். குரல் கிசுகிசுன்னுதான் வந்துது, பக்கத்துல மைக்குல இன்னொரு தெருக்காரன் பேசிக்கிட்டு இருக்கான்.

"அன்னைக்கு அப்பா கேட்டாரு, தண்ணி எங்கடா இருக்குன்னு. பிள்ளையார் காலுக்குன்னு சொன்னேன். என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு, ரொம்ப நேரம். பிறகு சரி, நீ புள்ளையப் பாருன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." என் பேர்ப்பலகையை நகத்தி வச்சான். "அவருக்கும் தெரியுமா புள்ள?"

அப்பா தினமும் குளிச்ச துறை அது, பீடம் வச்ச நாள்ல இருந்து முழங்கால் படுத்துத வரைக்கும் அவரு தினமும் நின்னு கும்பிட்ட இடம், வெள்ளம் பாத்த மனுசன். நான் எதையும் அளக்காமச் சொல்லக் கூடாதுன்னு பழகினவ. இதை எந்தக் கோலை வச்சு அளக்க. அண்ணன் நிக்கான், கண்ணு ரெண்டும் செவந்து, அப்பா மாதிரியே நிக்கான்.

"தெரியாதுண்ணே"ன்னேன்.

அவருக்குத் தெரியாதுன்னு சொன்னேனா, எனக்குத் தெரியாதுன்னு சொன்னேனா, ரெண்டுக்கும் நம்ம பாஷையில ஒரே வார்த்தைதானே. அண்ணன் தலையை ஆட்டிக்கிட்டான், எதுக்கு ஆட்டினான்னு நான் கேக்கலை.